மேட்டு ராவுத்தர்

போன மாதம் இரண்டு இளம் இன்ஜினியர்கள் பாலக்காட்டில் என் வீடு தேடி வந்தார்கள். இருவரும் சாலைப் பாதுகாப்பில் மேற்படிப்பு படித்தவர்கள். "சார், எழுபதுகளிலேயே நீங்க டிராஃபிக் காமிங் செஞ்சிருக்கீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதையெல்லாம் எழுதித் தரணும்" என்றாள் அந்தப் பெண். அந்த வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன். போக்குவரத்தைச் சாந்தப்படுத்துவது என்று அர்த்தம் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்த்த வேலையால் சாந்தமடைந்த ஜீவன் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. பஸ் டிரைவர்கள் வைதார்கள். கள்ளு வண்டிக்காரர்கள் மறியல் செய்தார்கள். என்னைப் பெற்ற அத்தாவே கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் வீடு தேடி வந்து கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

எங்களுடையது ராவுத்தர் குடும்பம். பாலக்காடு அங்காடியில் அத்தாவுக்குப் பலசரக்குக் கடை. கடையில் உட்காராமல் இன்ஜினியரிங் படித்த முதல் ஆள் நான்தான். கல்லூரியில் பாலம் கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள், காங்கிரீட் கலக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், சாலையை எப்படி வழவழவென்று போடுவது என்று மூச்சு விடாமல் சொல்லிக் கொடுத்தார்கள். வழவழவென்று போட்ட சாலையில் தலைதெறிக்க வருகிறவனை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பாடத்தைப் பாலக்காட்டை அடுத்த சித்தூரில்தான் படித்தேன்.

மராமத்து இலாகாவில் வேலை கிடைத்து, எழுபதுகளின் ஆரம்பத்தில் சித்தூருக்கு ஜூனியர் இன்ஜினியராகப் போனேன். எனக்கு மேலே சாமிநாதய்யர். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரண நாளில் "எடா சாகுலே" என்பார். "வாங்கோ சாகுல் ஹமீது அவர்களே, உட்காருங்கோ" என்றால் நமக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிட வேண்டும். இன்னொரு பழக்கமும் உண்டு. சாலையைப் பார்வையிட இலாகா ஜீப்பில் ஏற மாட்டார். லைன் பஸ்ஸில் ஏறி, பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் கடைசி சீட்டில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து காப்பியை டம்ளரில் ஊற்றிப் பிடித்துக்கொள்வார். காப்பி துளும்பிய இடமெல்லாம் அவர் கணக்கில் பழுது. வேஷ்டியில் விழுந்த கறையைக் காட்டி, "இது தத்தமங்கலம் திருப்பம், இது கோவில் முக்கு" என்று எங்களுக்கு வேலை சொல்வார்.

சித்தூருக்கு வெளியே நேர்கோடாக ஒரு சாலை. அதன் நடுவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அந்த வழியில் பச்சை பஸ், மஞ்சள் பஸ் என்று இரண்டு முதலாளிகளின் பஸ்கள் ஓடின. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பும். அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் ஆட்களை யார் முதலில் அள்ளுவது என்பதில் போட்டி. பள்ளி வாசலைத் தாண்டும்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று முந்தும்.

ஒருநாள் காலை அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை ருக்மணி டீச்சர் என் அறைக்குள் நுழைந்தார். ஒடிந்து, கம்பியெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு குடையை என் மேஜைமேல் வைத்தார்.

"இது என்னங்க டீச்சர்?"

"கொடைங்க சார். எட்டாம் கிளாஸ் புள்ளையோடது. கையிலிருந்து பச்சை பஸ் புடுங்கிட்டுப் போயிருச்சுங்க."

புகாரைக் குறித்துக்கொண்டு மேலே அனுப்புவதாகச் சொன்னேன். சில நாள் கழித்து மறுபடி வந்தார். சப்பையாக நசுங்கிய சோற்றுப் பாத்திரம். அதற்கடுத்து ஒற்றைச் செருப்பு. என் மேஜை சந்தைக்கடை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. செருப்பை வைத்துவிட்டு அன்று அவர் உட்காரவே இல்லை.

"ஏனுங்க சார், கொடையக் கொண்டாந்தேன், போசியக் கொண்டாந்தேன், செருப்பையும் கொண்டாந்துட்டேன். அடுத்த தடவை நான் என்னத்தைக் கொண்டாரோணும்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

அப்போதே குடை, பாத்திரம், செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஐயரிடம் போனேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். செருப்பை மட்டும் நீண்ட நேரம் வைத்திருந்தார்.

"வேகத்தைக் குறைக்கச் சொல்லி போர்டு வெச்சா என்ன சார்?" என்றேன்.

"பஸ் ஓட்டறவன் வாசிக்கிற வேகத்துல போனா போர்டே வேண்டாமேடா. வண்டியே அவனுக்குச் சொல்லணுமாக்கும். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு வை."

"அப்படி வைக்க விதி இருக்கா சார்?"

"வைக்கலாம்னு எங்கேயும் எழுதலை. வைக்கப்படாதுன்னும் எழுதலை. ஆராவது எழுதறதுக்குள்ளே வெச்சுடு."

வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நியாயம், வேகம் அதிகமென்றால் மேடும் உயரமாக இருக்க வேண்டும் என்பது. ஜல்லியைக் குவித்து, தாரை ஊற்றி, கனமாக, செங்குத்தாக, பார்த்தாலே பயம் வரும்படி ஒரு மேடு. எதிரே டீக்கடை வைத்திருந்தவர் வெளியே வந்து நின்று பார்த்தார். "ஏனுங்க சாயபு, ரோட்டுக்குக் குறுக்க ஆரைப் பொதைச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலையில் டீச்சரும் நானும் பள்ளி வாசலில் நின்றோம். பச்சை பஸ் எப்போதும்போல வந்தது. மேட்டை டிரைவர் பார்த்தாரா, பார்த்தும் நம்பவில்லையா என்று தெரியாது. பஸ்ஸின் முன்பக்கம் ஏறியது, பின்பக்கம் எழும்பியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்று உட்கார்ந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. யாரோ கொண்டுபோன கோழிக்கூடை திறந்து, கோழிகள் டிரைவருக்கு முன்னால் வந்து சேர்ந்தன. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அனைவரும், கோழிக்காரர் உட்பட, என்னை நோக்கி வந்தார்கள். டீச்சர் குறுக்கே நின்றிராவிட்டால் இந்தக் கட்டுரை எழுத ஆள் இருந்திருக்காது.

அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் கள்ளு லாரி வந்தது. சித்தூர்த் தென்னந்தோப்புகளில் விடியலில் இறக்கும் கள் பீப்பாய்களில் அடைத்து ஊர் ஊராகப் போகும். காலைக் கள்ளுக்கு ஏற்கெனவே துள்ளல் அதிகம். என் மேடு அதை உசுப்பிவிட்டது. மூடிகள் பறந்தன. வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி, லாரியின் பின்பலகை வழியாகச் சாலையில் இறங்கி, ஓடையாகத் திரண்டு, பள்ளிக்கூட வாசலை நோக்கி ஓடியது. உள்ளே பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது.

"சார், தடுங்க சார்! தடுங்க!" என்று டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணை அள்ளி அணை போட்டார். நானும் போட்டேன். நான் இலாகாவில் கட்டிய முதல் அணை அதுதான். கள் திரும்பி, பக்கத்து வயல் வாய்க்காலுக்குள் போயிற்று. அறுவடை முடிந்த வயலில் மேய வந்திருந்த வாத்துக் கூட்டம் வாய்க்காலில் இறங்கியது. மத்தியானம் வாத்துக்காரர் ஆபீசுக்கு வந்து அழாத குறையாக நின்றார். வாத்துகள் எதுவும் சொல்பேச்சுக் கேட்கவில்லையாம். பாதி தூங்குகிறதாம், பாதி கோயமுத்தூர் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறதாம்.

சாயங்காலத்துக்குள் கள்ளுக் காண்ட்ராக்டர் ஆறுச்சாமி ஆட்களோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல உயரம், தோளில் சரிகைத் துண்டு.

"ஏனுங்க இன்ஜினீர், மரத்துல ஏறிக் கள்ளெறக்க எங்ககிட்ட ஆளிருக்குதுங்க. ரோட்டுலேருந்து வழிச்செடுக்கறதுக்கு ஆளில்லீங்களே! இந்த மேட்டை எடுக்கறவரைக்கும் பஸ்ஸைத் தவிர ஒரு வண்டி நகராதுங்க."

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதியில்லை. பொள்ளாச்சியிலிருந்து கடைக்கு வரும் நல்லெண்ணெய் டின்களும் அந்தச் சாலையில்தான் வருகின்றன என்பதை நான் யோசிக்கவில்லை. எண்ணெய் ஊறிய சாக்கைத் தூக்கிக் காட்டி அத்தா கேட்டார். "ஏன்டா, மலையாள நாட்டுல எத்தனையோ ரோடு கெடக்கு. உங்கத்தா எண்ணெய் வர்ற ரோடுதான் உனக்குக் கெடைச்சுச்சா?"

மறுநாள் ஐயர் வந்தார். வழக்கம்போல மஞ்சள் பஸ்ஸின் கடைசி சீட்டில், டம்ளரில் காப்பியோடு. பஸ் மேட்டில் ஏறி இறங்கியதும் நிறுத்தச் சொல்லி இறங்கினார். டம்ளரில் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் அவர் சட்டையிலும் பக்கத்து சீட்டுக்காரர் தலையிலும் இருந்தது. "வாங்கோ சாகுல் ஹமீது அவர்களே" என்றார்.

"நீங்கள் போட்டிருக்கறது மேடில்லை, சுவராக்கும். வண்டி இதை மெதுவாத் தாண்டினாலும் துள்ளிச் சாடறது, வேகமாத் தாண்டினாலும் சாடறது. அப்புறம் மெதுவாப் போறவனுக்கு என்ன லாபம்? மெதுவா வந்தா காப்பி சிந்தப்படாது. வேகமா வந்தா சிந்தணும். ரெண்டுக்கும் நடுவிலே இருக்கற உருவத்தைக் கண்டுபிடியுங்கோ."

நாற்பது வருஷத்துக்கு அப்புறம் இந்த இளைஞர்கள் காட்டும் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருப்பதும் அந்த ஒரு வாக்கியம்தான்.

மேட்டை உடைத்தோம். சாலையை ஒரே அடியாக மூட முடியாது. பாதி அகலத்தில் வேலை, மறுபாதியில் வண்டி. மரப்பலகையில் வில் மாதிரி ஒரு வளைவை அறுத்து எடுத்துக்கொண்டேன். சூடு ஆறாத தாரின்மேல் அதைக் குறுக்கே வைத்து இழுத்தால் மேடு முழுக்க அதே வளைவு வரும். உயரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன், நீளத்தை இழுத்துவிட்டேன். சக்கரம் ஏறுவதும் இறங்குவதும் தெரியாமல் வழுக்கிப் போகிற மாதிரி. வில்லைச் செதுக்குவதும் வண்டி விட்டுப் பார்ப்பதுமாக வேலை நீண்டது. முதலில் என் மடியில் டம்ளரை வைத்து ஜீப்பில் சோதித்தோம். என் கால்சட்டைகள் எல்லாம் காப்பி நிறமாயின. ஜீப் தாண்டியது, ஆனால் பஸ்ஸுக்குச் சரிவரவில்லை. பஸ்ஸுக்குச் சரிசெய்தால் ஆறுச்சாமி சாலையில் எழுந்து நின்று, "எங்க வண்டிக்கு ஆருங்க பாக்கறது?" என்று கேட்டார்.

"உங்க வண்டியையே குடுங்கோ. பாத்துடலாம்" என்றார் ஐயர்.

சித்தூர் சனம் முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பீப்பாய் நிறையக் கள்ளோடு லாரி வந்தது. ஆறுச்சாமி கையில் ஒரு குடத்தோடு லாரியில் பின்னால் ஏறி நின்றார், சிந்தினால் பிடித்துக்கொள்ள. லாரி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. ஒரு நுரைகூட வரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஏமாற்றம். "இப்ப வேகமா உடு" என்றார் ஆறுச்சாமியே. டிரைவர் விட்டார். மூடி பறந்தது. ஆறுச்சாமி தலையிலிருந்து கால்வரை நனைந்து, முகத்தை வழித்துக்கொண்டு, "செரீங்க, மேடு இருக்கட்டும்" என்றார். அன்றைக்கே தன் டிரைவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, பள்ளிக்கூடத்தண்டை எவனாவது கள்ளைச் சிந்தினால் சம்பளமில்லை என்று சொல்லிவிட்டார். கள்ளு லாரி மெதுவாகப் போனால் பின்னால் வருகிற பச்சையும் மஞ்சளும் என்ன செய்ய முடியும்?

அந்த மேட்டுக்குப் பட்டைபட்டையாகச் சுண்ணாம்பு அடித்தோம். எனக்கும் ஒரு பெயர் அடித்துவிட்டார்கள், மேட்டு ராவுத்தர் என்று. கொஞ்ச காலம் கழித்து டீச்சர் ஆபீசுக்கு வந்தார். பழக்கதோஷத்தில் நான் மேஜையை ஒதுக்கினேன்.

"இன்னைக்கிக் கையில ஒண்ணுமில்லீங்க சார்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "சும்மாதான் வந்தனுங்க."

அன்றைக்குத்தான் அவர் என் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார்.

இந்த மேடு என்னை மலையேற்றியும் விட்டது. காரில் படுத்துத் தூங்கிக்கொண்டே அந்த வழியாகப் போன ஒரு பெரிய மனிதர், மேட்டில் எழும்பி சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டாராம். எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எவன் போட்டது?" என்பதுதான். சித்தூரில் யாரைக் கேட்டாலும் என் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டார்கள். நான் இடுக்கி மலைப் பக்கம் மாற்றலானேன்.

சித்திரபுரத்தில் ஒரு வாடகை வீடு. போடிமெட்டு வரைக்கும் மலைச்சாலை என் பொறுப்பு. குளிரும் அட்டையும் பழகுவதற்குள் ஐயரும் பதவி உயர்ந்து, எங்கள் பகுதியும் அவர் மேற்பார்வைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் என் வேலைநாளிலேயே கஷ்டமான சங்கதி ஒன்று வந்து சேர்ந்தது.

போடிமெட்டுக் கணவாயிலிருந்து கேரளப் பக்கம் இறங்கும் சாலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டை ஒட்டி ஒரு வளைவு. சாலைக்கு ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கொழுந்து எடை போடும் கொட்டகை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சுமையோடு சாலையைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். ஒருநாள் காலைப் பனியில் பேச்சியம்மாள் என்ற பெண்ணை ஒரு லாரி இடித்துவிட்டது. முதுகில் இருந்த கொழுந்துக் கூடை தாங்கிக்கொண்டதால் உயிர் பிழைத்தாள். கால் எலும்பு முறிந்தது.

இதில் சிக்கல் என்னவென்றால், லாரியை ஓட்டிவந்தவன் முருகேசன், பேச்சியம்மாளின் மருமகன். போடியிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருகிறவன். முந்தின வாரம்தான் ஒரு காதுகுத்து வீட்டில் மாமியாருக்கும் மருமகனுக்கும் பந்தியிலேயே வாய்த்தகராறு நடந்திருக்கிறது. "உன்னை ஒரு நாளைக்கு வெச்சுக்கிடுதேன்" என்று அவன் சொன்னதை எஸ்டேட்டே கேட்டிருக்கிறது. போதாதா? வேண்டுமென்றே இடித்தான் என்று பேச்சு கிளம்பி, போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் மனைவி துணிமணியோடு அம்மாவின் லயத்துக்கு வந்துவிட்டாள். லயம் என்பது எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அவனைக் கொலைகாரன் என்று முடிவு கட்டியாயிற்று.

சாலையின் நிலை பற்றி அறிக்கை தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். நான் முதலில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முறிந்த காலை மாவுக்கட்டோடு தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் பேச்சியம்மாளின் வாய்க்கு எந்தக் கட்டும் இல்லை.

"எய்யா, நீங்கதான் ரோட்டு இன்ஜினியரா? என் மருமவன் ஒரு கிறுக்குப்பய. வாய் நீளம். ஆனா இதை அவன் வேணும்னு செய்யலய்யா. மாமியாவை இடிக்கணும்னா மொதல்ல மூஞ்சியப் பாத்துல்லா இடிக்கணும்? அந்தப் பனியில அவனுக்கு என் மூஞ்சி தெரியல. எனக்கு அவன் வண்டி கேக்கல."

லாரி வருவது கேட்கவில்லையா? எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "உங்களுக்குக் காது நல்லாக் கேக்குமாம்மா?" என்றேன்.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"காதா? நாலு லயம் தள்ளி எவ என்னையப் பத்திப் பேசுனாலும் எனக்குக் கேக்கும்யா!"

லாரி ஒன்றும் பூனையில்லையே. எனக்குப் புரியவில்லை. ஐயர் வந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு வளைவுக்குப் போனேன். எதிரில் நிற்கிறவர் தெரியாத பனி. சாலையின் அகலம் அளக்க டேப்பின் ஒரு முனையை ஐயர் அந்தக் கரையில் பிடித்துக்கொண்டார், மறு முனையோடு நான் இந்தக் கரைக்கு வந்தேன். குனிந்து அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சத்தமும் இல்லை. திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு லாரியின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. தேயிலைச் செடிக்குள் தலைகீழாகக் கிடந்தேன். லாரி போய்விட்டது.

"சாகுலே! இருக்கியாடா?" என்று பனிக்கு அந்தப் பக்கமிருந்து ஐயரின் குரல் வந்தது. அது நடுங்கியதை அன்றுதான் கேட்டேன்.

"இருக்கேன் சார்."

"எங்கேடா?"

"தேயிலைக்குள்ள சார்."

"டேப்பு?"

"லாரி கொண்டுபோயிருச்சு சார்."

கீழே டீக்கடையில் அந்த லாரி நின்றிருந்தது. எங்கள் டேப் அதன் பின்னால் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "சத்தமே இல்லாம வந்தீங்களே?" என்றேன்.

"எறக்கத்துல எஞ்சின் எதுக்குய்யா?" என்றார், நான் ஏதோ தெரியாத பிள்ளை மாதிரி. "கணவாயில அணைச்சு நியூட்டல்ல உட்டா, வண்டி தன்னால எறங்கிரும். மொதலாளிக்கு டீசல் மிச்சம். எல்லாரும் இப்படித்தான் வாராக."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்த்தேன். பேச்சியம்மாளின் காதில் கோளாறு இல்லை.

அறிக்கையில் அதை எழுதினேன். பனியில் ஓட்டுநருக்கு ஆள் தெரிய வழியில்லை, எஞ்சின் அணைத்த வண்டி ஆளுக்குக் கேட்க வழியில்லை, ஆகவே யார் யாரை இடித்தாலும் அது குறிபார்த்து இடித்ததாக இருக்க முடியாது என்று. இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஐயர் அவரை அழைத்து வந்து, பனியில் வளைவில் நிற்கவைத்து, எங்கள் ஜீப்பையே எஞ்சினை அணைத்து மெல்ல இறக்கிக் காட்டினார். இன்ஸ்பெக்டரும் அதே தேயிலைச் செடிக்குள்தான் பாய்ந்தார். தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போனவர், கொலை முயற்சி என்ற பேச்சை விட்டுவிட்டார். கவனமில்லாமல் ஓட்டிய குற்றத்துக்குத் தண்டம் கட்டி முருகேசன் வெளியே வந்தான். ஆனால் மனைவி திரும்பிப் போகவில்லை. "அம்மா மறுபடியும் அந்த ரோட்டைத் தாண்டணும்லா" என்றாள்.

அதுதானே விஷயம். வளைவு அப்படியேதான் இருந்தது. "மேடு வெச்சிரலாம் சார்" என்றேன். எனக்குத்தான் அதில் பேர் இருக்கிறதே.

"எறக்கத்திலே, வளைவிலே மேடா?" என்றார் ஐயர். "அதிலே ஏறின வண்டி ரோட்டிலே எறங்காதுடா. நேரே கீழே இருக்கற எஸ்டேட்டிலே போய் எறங்கும்."

கொட்டகையைத் தேயிலைப் பக்கமே மாற்றக் கேட்டோம். அந்தப் பக்கம் செங்குத்துச் சரிவு, கட்ட இடமில்லை. போர்டு வைத்தோம், பனியில் போர்டே தெரியவில்லை.

பேச்சியம்மாளை மறுபடி பார்க்கப் போன அன்றுதான் வழி கிடைத்தது. ஆஸ்பத்திரி முற்றத்தில் சேறாகாமல் இருக்கக் கல் பாவியிருந்தார்கள். ஜீப் அதில் கடகடவென்று குலுங்கியது. நான் உள்ளே கால் வைப்பதற்குள், "கல்லு கடகடங்குது, இன்ஜினியர் வாராரு, அந்த ஸ்டூலைப் போடு" என்று உள்ளேயிருந்து அவள் சொல்வது கேட்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எஞ்சினை அணைக்கலாம், சக்கரத்தை அணைக்க முடியாதே! சாலையே சத்தம் போட்டால்?

வளைவுக்கு மேலே, வண்டி நேராக வரும் இடத்தில், சாலையின் முழு அகலத்துக்கும் தாரைப் பெயர்த்தோம். கருங்கல்லைக் கைப்பிடி அளவுக்கு உடைத்து, காரையில் நெருக்கமாகப் பதித்தோம். கல்லின் தலை கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருந்தது. எஞ்சினை அணைத்த ஜீப்பில் ஐயர் மேலேயிருந்து இறங்குவார். கீழே கொழுந்துப் பெண்களோடு நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். முதலில் பதித்தது வழவழப்பாகிவிட்டது. ஜீப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. கற்களை மாற்றி, தலையை இன்னும் தூக்கினோம். இந்தத் தடவை மலையே அதிர்ந்தது. "கேக்குது! கேக்குது!" என்று பெண்கள் கத்தினார்கள். ஜீப் வந்து நின்றது. ஐயர் இறங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் அவர் பல்செட்டு வைத்திருந்தார். அது இப்போது அவர் உள்ளங்கையில் இருந்தது. பெண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை மாட்டிய பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்.

"இது ஜாஸ்தி. பல்லு ஆடினாப் போறும். கழலப்படாது."

பல் ஆடும் அளவுக்குக் கல்லைத் தட்டி இறக்கினோம். வேகமாக வருகிறவனுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாத குலுக்கல், மெதுவாக வருகிறவனுக்குப் பொறுத்துக்கொள்ளும் குலுக்கல், இரண்டு பேருமே ஊருக்குக் கேட்காமல் வர முடியாது. சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று எஸ்டேட் தொரை ஆளனுப்பினார். கொழுந்து எடுக்கிறவர்கள் மத்தியானம் தூங்குவதில்லை என்று ஐயர் பதில் சொல்லியனுப்பினார்.

மாவுக்கட்டுப் பிரித்து, கம்பு ஊன்றி, பேச்சியம்மாள் வேலைக்கு வந்த காலையில் நானும் ஐயரும் அங்கே இருந்தோம். நல்ல பனி. கூடையோடு பெண்கள் சாலையோரம் வந்து நின்றபோது மேலே கடகடவென்று கல் பேசியது. எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து ஒரு லாரி வந்து நின்றது. உள்ளே முருகேசன்.

பேச்சியம்மாள் கம்பை ஊன்றி நடந்து போய், லாரிக்கு நேர் எதிரே, நடுச்சாலையில் நின்றாள்.

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது அத்தை."

"ஆரன்?"

அவன் அழுத்திக் காட்டினான். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.

"பிரேக்கு?"

"புடிச்சித்தான நிக்கேன் அத்தை."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எறங்கி வந்து இந்தக் கூடையக் கொண்டு எடையில வையி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ. சும்மா பம்மிப் பம்மி வராத. சத்தம் போட்டுக்கிட்டு வா."

முருகேசன் குதித்து இறங்கிக் கூடையை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். லாரி நடுச்சாலையில் நின்றது. அவளும் அதற்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மேலே கல்லின்மேல் ஒவ்வொரு வண்டியாகக் கடகடத்து வந்து, பின்னால் வரிசையாக நின்று, ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அவள் அசையவில்லை. அவளிடம் போய் நகரச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஐயருக்கும் இல்லை. அன்று மாலை இலாகாவுக்கு அனுப்பிய அறிக்கையில், "கல் பதித்ததன் பயன் எதிர்பார்த்ததற்கும் மேல். வாகனங்கள் இவ்விடத்தில் முற்றிலுமாக நின்று செல்கின்றன" என்று எழுதினேன்.